குஞ்சுக்கு மூச்சு மத்தியானம் இளைக்குதா, விடியக்காலைல இளைக்குதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம். பாப்பா ஆசைப்பட்டாளேன்னு வண்டில வித்துட்டு வந்தவர்கிட்ட பத்து தாராக்குஞ்சு, அதாங்க வாத்துக்குஞ்சு, வாங்கினோம், வாங்கி ஒம்பது நாளாச்சு. வீட்டுக்குப் பின்னாடி தகர சாய்ப்புல பெரிய அட்டைப்பெட்டி வச்சு உமி பரப்பி 100 வாட்ஸ் குண்டு பல்பு ராத்திரி பகலா எரிய விட்டிருக்கோம், ஒரு வீடியோல அப்படித்தான் சொன்னாங்க. முந்தாநாள் மத்தியானம் ரெண்டு செத்துப்போச்சு. மீதியெல்லாம் வாயைத் தெறந்து தெறந்து இளைக்குது, றெக்கையைத் தூக்கி வச்சுக்குது, பொழுது சாய்ஞ்சா சரியாயிருது. ஒண்ணு மட்டும் விடியக்காலைலயும் இளைக்குது, தீனியும் எடுக்கறதில்ல. பக்கத்து வீட்டு சேச்சி சளின்னு சொல்லி பனிக்கூர்க்கைச் சாறு விடச் சொன்னாங்க, மருந்துக்கடைல ஒரு ஆன்டிபயாடிக் பவுடர் குடுத்தாங்க, இன்னும் ரெண்டும் குடுக்கல. குடுக்கலாமா? பல்பை அணைச்சா குளிர்ல செத்துருமா? தொட்டித் தண்ணில நீந்த விட்டா சூடு தணியுமா?

பதில்: குடுக்காம கேட்டீங்களே அம்மணி, அதுவே நல்ல வேலை. ரெண்டும் வேண்டாம். பனிக்கூர்க்கை நம்ம கற்பூரவல்லிதான், விஷமெல்லாம் இல்ல, ஆனா மூச்சுக்குத் தவிக்கிற குஞ்சோட வாய்க்குள்ள எதைச் சொட்டு விட்டாலும் ஆபத்துங்க, ஏன்னா பறவைக்கு நாக்கோட அடிப்பக்கத்துலயே மூச்சுக்குழல் தெறந்து கெடக்கும், நீங்க விடுற சாறு வயித்துக்குப் போகாம நேரா அதுக்குள்ள எறங்கிரும், இல்லாத நிமோனியாவை நாமளே உண்டாக்கினாப்ல ஆயிரும். பவுடர் சங்கதிக்குக் கீழ வர்றேன். இதைப் படிச்சதும் எந்திரிச்சுப் போய் அந்தப் பல்பை அணைச்சிட்டு, பெட்டியைத் தகரத்துக்கு அடியில இருந்து தூக்கி மரத்து நிழல்லயோ, வீட்டுக்குள்ள காத்து வர்ற ஜன்னல் பக்கமோ வச்சுட்டு வந்து மீதியைப் படிங்க.

உங்க லெட்டர்ல ரொம்ப முக்கியமான வரி எதுன்னா பொழுது சாய்ஞ்சா சரியாயிருதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான். இளைக்கிற குஞ்சைத் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்கிறதே எந்நேரத்துல இளைக்குதுன்னுதான். பதினொரு மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மூணு மணிக்கு உச்சத்துக்குப் போய் சாயந்தரம் அடங்கிருச்சுன்னா அது சூடு, நோய் இல்ல. விடியக்காலை அஞ்சு மணிக்கு, காத்து சில்லுன்னு இருக்கிறப்பவும் வாயைப் பொளந்து இழுத்துட்டு இருந்தா அது சூடு இல்ல, உள்ள ஏதோ இருக்கு. அப்படிப் பார்த்தா உங்க பெட்டியில இருக்கிறது ரெண்டு கேசு. ஏழு குஞ்சுக்கு ஒண்ணு, அந்த ஒத்தைக் குஞ்சுக்கு வேற ஒண்ணு. ரெண்டையும் சளின்னு ஒரே பேர்ல போட்டு ஒரே மருந்தை விட்டா ஏழும் சேர்ந்து கெட்டுரும்.

மொதல்ல ஏழைப் பார்ப்போம். தாராவுக்கு உடம்புச் சூடு சாதாரணமாவே 41, 42 டிகிரி செல்சியஸ் இருக்கும், நமக்குன்னா அது ஆஸ்பத்திரில சேர்க்கிற காய்ச்சல். அதுக்கு வேர்க்காது, வேர்வைச் சுரப்பியே கெடையாது. சூட்டை வெளிய தள்ள அதுக்கு இருக்கிற வழி காலு, அலகு, அப்புறம் மூச்சு, அவ்வளவுதான். வாயைத் தெறந்து வேகவேகமா மூச்சு விட்டு உள்ளுக்குள்ள ஈரத்தைக் காய வச்சுத்தான் சூட்டை எறக்கும். அதனால வெயில் நேரத்துல இளைக்கிறது தப்பில்ல, அது அதோட வேலையைச் செய்யுது. ஆனா மணிக்கணக்கா இளைச்சுட்டே இருந்தா உடம்புல தண்ணி வத்திரும், ரத்தத்துல கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி வேற கோளாறு ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் தலை தள்ளாடும், கால் இழுக்கும், போயிரும். உங்க ரெண்டு குஞ்சும் மத்தியானத்துல போனதுக்கு இதைத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன், அறுத்துப் பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாது.

வீடியோக்காரங்களைக் கொறை சொல்லியும் புண்ணியமில்லைங்க. அவங்க சொல்ற கணக்கு சரிதான், மொத வாரம் 29ல இருந்து 32 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் கொறைச்சு நாலாவது வாரத்துல 24க்கு வரணும். ஆனா அது குஞ்சுக்கு வேண்டிய சூட்டுக் கணக்கு, பல்பு எத்தனை மணி நேரம் எரியணும்ங்கிற கணக்கு இல்ல. ஊட்டில வளர்க்கிறவருக்குப் பகல்லயும் பல்பு வேணும். நம்ம பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மார்ச் ஏப்ரல்ல வெளிய நெழல்லயே 38, 39ன்னு அடிக்குது, தகரத்துக்கு அடியில இன்னும் மேல, அதுக்குள்ள நாலு பக்கமும் சுவர் வச்ச அட்டைப்பெட்டி, அதுக்குள்ள 100 வாட்ஸ் பல்பு. குஞ்சுக்கு ஓட எடமே இல்லைங்க. இதே சீசன்ல குட்டநாட்டுக்காரங்க அறுவடை முடிஞ்ச வயல்ல ஆயிரக்கணக்குல தாரா மேய்க்கிறதைப் பார்த்திருப்பீங்க, சாரா, செம்பல்லின்னு அவங்க ஊர்த் தாரா ரகம், அவங்ககிட்ட போய் பகல்ல குஞ்சுக்கு பல்பு போடுவீங்களான்னு கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.

ஒரு சாதா ரூம் தெர்மாமீட்டர் வாங்கி பெட்டிக்குள்ள, குஞ்சு முதுகு ஒசரத்துல தொங்க விடுங்க, மேல சுவத்துல மாட்டிப் பிரயோஜனமில்ல. அதைவிட நல்ல தெர்மாமீட்டர் குஞ்சுகளேதான். எல்லாம் பல்புக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கீச்சு கீச்சுன்னு கத்தினா குளிருது. எல்லாம் பல்பை விட்டு வெலகி பெட்டி ஓரத்துல ஒட்டிக் கழுத்தை நீட்டிப் படுத்து, றெக்கையை உடம்புல படாம தூக்கி வச்சிருந்தா வேகுது. அங்கங்க சிதறிப் படுத்து, சிலது தின்னு, சிலது தூங்கினா சரியா இருக்கு. இப்ப ஒம்பது நாள்ல உங்க குஞ்சுக்குத் தோராயமா 28, 29 டிகிரி போதும். பகல்ல பல்பே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல குளிர்ந்தா ஒரு 40 வாட்ஸ் பல்பை, பெட்டிக்கு நடுவுல இல்லாம, ஒரு மூலைல கட்டுங்க, வேணும்கிறது கிட்ட வரும், வேண்டாம்கிறது தள்ளிப் போகும். எல்இடி பல்பு வெளிச்சத்துக்குத்தான், சூடு வராது, குண்டு பல்புதான் வேணும். அணைச்சா செத்துருமான்னு கேட்டீங்களே, பகல்ல அணைக்காததுதான் இப்ப ஆபத்து.

பெட்டி அளவும் பாருங்க, தரையில வளர்க்கிறப்ப ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடியாவது வேணும், எட்டு குஞ்சுக்கு எட்டு சதுர அடி. அட்டைப்பெட்டி பத்தாது, நாலு பலகையோ பழைய கோழிவலையோ வச்சு வளையமாக் கட்டி விட்டீங்கன்னா காத்தும் போகும். ராத்திரி மட்டும் பூனை, கீரி, எலி பார்த்துக்கங்க.

இனிமே எப்பவாச்சும் மத்தியானத்துல ஒண்ணு தலை தொங்கி விழுந்துட்டா என்ன செய்யணும்னு சொல்றேன். நெழலுக்கு எடுத்துட்டுப் போங்க. எடுக்கிறப்ப கையை அடியில குடுத்து ஏந்தி எடுங்க, நெஞ்சைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சுராதீங்க. பறவைக்கு நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் கெடையாது, நெஞ்செலும்பு மேல கீழ அசைஞ்சாத்தான் காத்து உள்ள போகும், அதை அமுக்கிட்டா மூக்கும் வாயும் தெறந்திருந்தாலும் மூச்சு முட்டிரும். பாப்பாகிட்ட இதைக் கண்டிப்பாச் சொல்லி வைங்க, சின்னப் புள்ளைங்க பாசத்துல கட்டிப் பிடிச்சே நெறைய குஞ்சு போயிருக்கு, அவளைத் திட்டறதுக்கில்ல, ரெண்டு உள்ளங்கையும் சேர்த்து தட்டு மாதிரி வச்சு அதுமேல உக்கார வைக்கப் பழக்குங்க. அப்புறம் ஒரு தட்டுல குடத்துத் தண்ணி, சாதாரண தண்ணி, ஒரு அங்குலம் ஊத்தி அதுல கால் நனையற மாதிரி நிக்க வைங்க, ஈரத்துணியால தலையையும் காலையும் தொட்டு விடுங்க. ஃபிரிட்ஜ் தண்ணி, ஐஸ் வேண்டாம், திடீர்னு குளிர்ந்தா அந்த அதிர்ச்சிலயே போயிரும். ஃபேன் போடலாம், ஆனா தள்ளி வச்சு ரூமுக்குள்ள காத்து ஓடுற மாதிரி. தலை நிமிர்ந்ததும் அலகு நுனியைத் தண்ணில தொட்டுக் காட்டுங்க, அதா குடிக்கட்டும், ஊத்தி விட வேண்டாம். கோழிக்கு விக்கிற எலக்ட்ரோலைட் பவுடர் இருந்தா பாக்கெட்ல போட்ட அளவுக்குக் கலந்து வைக்கலாம், அளவு கூடக் கூடாது, தாராக்குஞ்சுக்கு உப்பு அதிகமானா தாங்காது.

ஈரச் சாக்கு தொங்க விடுறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்றதுதான், நல்லதுதான், ஆனா ஒரு கண்டிஷன். காத்து போற எடத்துல தொங்க விடணும். நாலு பக்கமும் மூடிட்டு உள்ள ஈரச் சாக்கு போட்டா உள்ள புழுக்கம் கூடிரும், காத்துல ஈரம் நெறைஞ்சிருச்சுன்னா குஞ்சு எவ்வளவு இளைச்சாலும் உள்ள இருக்கிற ஈரம் காயாது, சூடு எறங்காது. இளைக்கிறது வீண். தகரத்து மேல தென்னங்கீத்து பரப்பி விட்டாலே சூடு நல்லாக் கொறையும், அதைச் செஞ்சுட்டு அப்புறம் சாக்கு.

இப்ப அந்த ஒத்தைக் குஞ்சு. விடியக்காலைல, பல்பு பக்கம் போகாம தள்ளி வச்சுப் பாருங்க. கழுத்தை முன்னால நீட்டி, வாயைத் தெறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆடுதா, சத்தம் வருதா வரலையா. மூக்கு ஓட்டை ரெண்டையும் நல்ல வெளிச்சத்துல பாருங்க, தீனி காஞ்சு அடைச்சிருக்கும் சில சமயம், கண்ணைச் சுத்தியும் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். அது நோயே இல்லாமலும் வரும், ஆழமில்லாத கோழி டிரிங்கர்ல தண்ணி வச்சா தாராவால மூக்கு முங்கிக் கழுவ முடியாது. ரெண்டு மூணு அங்குலம் ஆழம் இருக்கணும், மூக்கு முங்கணும், ஆனா குஞ்சே உள்ள எறங்கி உக்கார முடியக் கூடாது. அடைப்பு இருந்தா வெதுவெதுப்பான தண்ணில பஞ்சு நனைச்சு ஊற வச்சுத் தொடைச்சு எடுங்க, குச்சி விட்டுக் குத்தாதீங்க. காஞ்ச மாவுத் தீனியும் தாராவுக்குத் தொண்டையில கட்டிக்கும், தண்ணி தெளிச்சுப் பெசறிப் போடுங்க, தீனி இருக்கிற நேரமெல்லாம் பக்கத்துல தண்ணி இருக்கணும்.

மூக்கு சுத்தமா இருக்கு, தொண்டையிலயும் ஒண்ணுமில்ல, ஆனாலும் இழுக்குது, சத்தம் பெருசா இல்ல, மெலியுதுன்னா நான் சந்தேகப்படுறது பூஞ்சை. ஆஸ்பெர்ஜில்லஸ்னு ஒண்ணு, ஈரமான உமி, மக்கின வைக்கோல், பூத்த தீனி இதுலெல்லாம் இருக்கும், அதோட தூள் காத்துல கலந்து நுரையீரலுக்குப் போய் உக்காந்துக்கும். குஞ்சுப் பருவத்துல வர்ற நிமோனியான்னு பழைய ஆளுங்க சொல்றதுல நெறைய இதுதான். தாராக்குஞ்சு தண்ணியைச் சும்மா குடிக்காது, அள்ளி எறைச்சு வெளையாடி பாதியை உமியில கொட்டும், மேல பல்புச் சூடு, கீழ ஈர உமி, பூஞ்சைக்கு இதைவிட சொகமான எடம் வேற ஏது? இப்படிச் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தா நுரையீரல்லயும் காத்துப் பையிலயும் கடுகுப் பருமனுக்கு மஞ்ச வெள்ளையா முடிச்சு முடிச்சா இருக்கும், ஒருதடவை பார்த்தா மறக்காது.

இதுக்குத்தான் அந்தப் பவுடர் ஆகாதுன்னு சொன்னேன். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையை ஒண்ணும் பண்ணாது, சூட்டையும் ஒண்ணும் பண்ணாது. அதுலயும் நல்ல பாக்டீரியா அழிஞ்சா பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். பூஞ்சைக்குன்னு மருந்து இருக்கு, டாக்டர் பார்த்துத்தான் குடுக்கணும், ஆனா உள்ளதைச் சொல்லிர்றேன், நல்லா முத்திப் போன குஞ்சு பொழைக்கிறது கஷ்டம். மயில்துத்தம் தண்ணில கலந்து குடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க, அளவு கொஞ்சம் தப்பினாலும் அது விஷம், வீட்டுல வேண்டாம். அந்தக் குஞ்சைத் தனியா வைங்க. இது ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்துறது இல்ல, ஆனா எல்லாம் அதே உமி மேல கெடந்து அதே காத்தைத்தான் சுவாசிக்குது, அதனால மீதி ஏழையும் காப்பாத்தணும்னா உமியை மாத்தியாகணும். இன்னைக்கே.

மாத்தறப்ப பழசைப் பெட்டிக்குள்ள வச்சுக் கெளறாதீங்க, தூள் பறக்கும். குஞ்சுகளை வெளிய எடுத்துட்டு, மூக்குல துணி கட்டிக்கிட்டு, அப்படியே அள்ளிக் கொண்டு போய் எருக்குழில போடுங்க. உமியே தப்புன்னு இல்ல, நல்லாக் காஞ்ச உமி போடலாம், மரச் சீவல் கெடைச்சா இன்னும் நல்லது, ரம்பத்தூள் வேண்டாம், நைஸா இருக்கும் மூக்குல ஏறும். நியூஸ் பேப்பர் வழுக்கும், கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு போயிரும், வேற வழியில்லைன்னா பழைய சாக்கை மடிச்சுப் போட்டு தெனம் மாத்துங்க. தண்ணிப் பாத்திரத்தை ஒரு ட்ரே மேல கம்பிவலை போட்டு அதுமேல வைங்க, சிந்தறது கீழ ட்ரேயில விழும், உமியில விழாது, இந்த ஒரு வேலை பண்ணினாலே பாதிப் பிரச்சனை தீரும். அப்புறம் தெனம் காலைல நீங்க குனிஞ்சு உங்க மூக்கைக் குஞ்சு ஒசரத்துக்குக் கொண்டு போய் மோந்து பாருங்க. கண்ணு எரிஞ்சா, மூத்திர நெடி அடிச்சா அமோனியா, குஞ்சு அதுலயேதான் இருபத்திநாலு மணி நேரமும் கெடக்குது.

சாய்ப்புல விறகடுப்பு இருக்கா? கொசுவத்தி, சாம்பிராணி? பறவைக்கு நுரையீரல் தவிர உடம்பு பூரா காத்துப் பை ஓடுது, பொகை நம்மளைவிட வேகமா அதைத் தாக்கும். நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்புல காஞ்சு கருகினா வர்ற பொகை கண்ணுக்கே தெரியாது, பக்கத்துல இருக்கிற பறவை நிமிஷத்துல செத்துரும். அடுப்பங்கரைல குஞ்சு வைக்க வேண்டாம்.

என்ன தீனி போடறீங்கன்னு எழுதல. கடலைப் புண்ணாக்கு போடறீங்கன்னா நிறுத்திருங்க, பூத்த சோளமும் கூடாது. அதுல வர்ற அஃப்லாடாக்ஸின் விஷத்துக்கு தாராக்குஞ்சு அளவுக்கு தாங்காத பறவை கெடையாது. 1960ல இங்கிலாந்துல வான்கோழி ஒரு லட்சத்துக்கு மேல செத்து என்ன நோய்னே தெரியாம தேடினப்ப, கடைசில பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்குன்னு கண்டுபிடிச்சாங்க, தாராக்குஞ்சும் அப்ப செத்துச்சு, அதுக்கப்புறம் தீனில இந்த விஷம் இருக்கான்னு பார்க்க தாராக்குஞ்சுக்குக் குடுத்துத்தான் சோதிச்சாங்க. கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர் தீனி போடலாம், ஆனா தாராவுக்கு நியாசின்ங்கிற பி வைட்டமின் கோழியைவிட அதிகம் வேணும், கொறைஞ்சா கால் வளையும், அதனால டாக்டரைக் கேட்டு பி காம்ப்ளக்ஸ் கொஞ்சம் சேர்த்துக்கங்க.

தொட்டித் தண்ணி. தாய்த்தாரா கூட வளர்ற குஞ்சுக்கு அம்மா உடம்பு எண்ணெய் ஒட்டி றெக்கையில தண்ணி நிக்காது. உங்களுது தாயில்லாத குஞ்சு, அதோட எண்ணெய்ச் சுரப்பி இப்பத்தான் வேலை செய்யப் பழகுது, உடம்புல இருக்கிறது வெறும் பஞ்சு, ஊறிரும். ஊறினா வெயில் காலத்துலயும் வெறைச்சு, மூழ்கியும் போகும். அதனால கால் தரையில படுற ஆழத்துல, நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, அஞ்சு பத்து நிமிஷம் போதும், அப்புறம் தொடைச்சு நெழல்ல காய விடுங்க. வெளிய ஏற சின்னக் கல்லோ பலகையோ வைங்க. இளைச்சுட்டு இருக்கிற அந்த ஒத்தைக் குஞ்சைத் தண்ணில விடவே கூடாது. றெக்கை முழுசா மொளைச்சப்புறம் எவ்வளவு நேரம் வேணாலும் கெடக்கட்டும்.

நான் சொன்னதெல்லாம் செஞ்சும் ரெண்டு நாள்ல எறக்கம் தெரியலைன்னா, இல்ல கண்ணுல மூக்குல சீழ் மாதிரி ஒழுகினா, பச்சையாக் கழிஞ்சா, கழுத்து நடுங்கினா, தலை பின்னால முதுகுப் பக்கம் வளைஞ்சு ஒரு மணி நேரத்துல சாகுதுன்னா அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்குற சமாச்சாரம் இல்லைங்க. தாராவுக்குன்னே ஈரல் வைரஸ் இருக்கு, ரியமெரெல்லான்னு பாக்டீரியா இருக்கு, அதுக்கு ஆன்டிபயாடிக் வேணும், ஆனா எதுன்னு பார்த்துக் குடுக்கணும். கூட்டமாச் செத்தா பறவைக்காய்ச்சலையும் நெனைச்சுப் பார்க்கணும், 2014ல குட்டநாட்டுல வந்துச்சு, 2024 ஏப்ரல்ல ஆலப்புழையில எடத்துவா, செறுதனை பக்கம் தாராவுலதான் மறுபடி வந்துச்சு, அப்பெல்லாம் வாளையாறு, கோபாலபுரம் செக்போஸ்ட்ல வண்டி டயருக்கு மருந்தடிச்சு விட்டதைப் பார்த்திருப்பீங்க. உங்க கதையைப் பார்த்தா அதுன்னு தோணல, பயப்பட வேண்டாம், ஆனா வண்டிக்காரர் எந்த ஊர்க் குஞ்சு கொண்டு வந்தார்னு கேட்டு வைங்க, நம்பர் இருந்தா நல்லது. கூட்டமாச் செத்தா செத்ததைத் தொடாம, எங்கயும் கொண்டு போகாம பஞ்சாயத்து மிருகாசுபத்திரிக்குப் போன் பண்ணுங்க, அவங்களே வந்து பார்ப்பாங்க.

ஒத்தைக் குஞ்சு ஒருவேளை செத்துப்போச்சுன்னா கனால்ல வீசிராதீங்க, வெறுங்கையில தொடாம ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி ஐஸ் மேல வச்சு, ஃப்ரீசர்ல வைக்காம, அன்னைக்கே மிருகாசுபத்திரிக்குக் கொண்டு போங்க, அறுத்துப் பார்த்தா பூஞ்சையா இல்லையான்னு தெரிஞ்சுரும், பெரிய டெஸ்ட் வேணும்னா அவங்களே மண்ணுத்தி கால்நடை மருத்துவக் காலேஜுக்கு எழுதிக் குடுப்பாங்க. உயிரோட இருந்தா நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, அது மூச்சு விடுறதை ஒரு நிமிஷம் பக்கத்துல வச்சு வீடியோ எடுங்க, வாலும் நெஞ்சும் தெரியற மாதிரி. அதே போன்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு மத்த ஏழையும் எடுங்க. ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, உமியில ஒரு பிடி, தீனியில ஒரு பிடி தனித்தனிக் கவர்ல எடுத்துட்டுப் போங்க.